ரூல் தெரியாது... பேர் தெரியாது... ஆனா மேட்ச் செம!

ஒரு குட்டி டெஸ்ட் பாஸ்! பேப்பர், பேனா வேண்டாம். அரியர் விழாது. தைரியமா பதில் சொல்லுங்க.

கேள்வி ஒண்ணு... போச்சியான்னா என்ன? கேள்வி ரெண்டு... 'கிளப் த்ரோ'வுல எதைத் தூக்கி எறிவாங்க? கேள்வி மூணு... ஆட்டம் நடக்கும்போது ரசிகர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கிற விளையாட்டு எது?

மூணுக்கும் முழிக்கிறீங்களா? கையைக் கொடுங்க. நீங்கதான் இந்தக் கட்டுரைக்குச் சரியான ஆள்!

கிரிக்கெட் பார்க்கும்போது நாம யாரும் சும்மா ரசிகன் இல்லை. ஆளாளுக்கு ஒரு செலக்டர், ஒரு கோச், ஒரு தேர்ட் அம்பயர். அவனை ஏன் எடுத்தான், இவனுக்கு ஏன் கடைசி ஓவர் கொடுத்தான்னு டீ ஆறிப்போற வரைக்கும் சண்டை. தோத்துட்டா அன்னிக்கு மெஸ்ஸுல சாப்பாடு இறங்காது. சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா, அது பாதி சந்தோஷம், பாதி டென்ஷன்.

பேரே தெரியாத ஒரு விளையாட்டைப் பார்த்துப் பாருங்க. அங்கே நமக்குக் கட்சி இல்லை, பழைய பகை இல்லை, 'எங்க தலைவர்தான் பெருசு'ங்கற வம்பு இல்லை. ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான். பத்து நிமிஷத்துல ஆட்டம் புரிய ஆரம்பிக்கும். இருபதாவது நிமிஷம் யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக நாம சீட் நுனிக்கு வந்திருப்போம். இதுக்கு ஒலிம்பிக்ஸ், ஆசிய விளையாட்டு, பாராலிம்பிக்ஸ் மாதிரி பெரிய திருவிழாவை விட்டா வேற நல்ல இடம் கிடையாது.

கோலி குண்டும் கர்லாக்கட்டையும்!

முதல்ல டெஸ்ட்டுக்கு விடை சொல்லிடறேன். மூணுமே மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்ஸ்ல நடக்கிற விளையாட்டுகள்.

போச்சியா, நம்ம கோலி குண்டுக்குத் தூரத்துச் சொந்தம். முதல்ல ஒரு வெள்ளைப் பந்தை உருட்டி விடுவாங்க. ஒருத்தர்கிட்ட ஆறு சிவப்புப் பந்து, இன்னொருத்தர்கிட்ட ஆறு நீலப் பந்து. வெள்ளைக்குப் பக்கத்துல யார் பந்து நிக்குதோ அவங்களுக்குப் பாயின்ட். எதிராளி பந்தை இடிச்சுத் தள்ளலாம், வெள்ளையையே நகர்த்திவிடலாம். கை, கால் அசைவு ரொம்பக் குறைஞ்சவங்களும் ஆடலாம். கையால எறிய முடியாதவங்க ஒரு சாய்வுப் பாதையை வெச்சு உருட்டுவாங்க. ஒரு ஆட்டம் பாருங்க... செஸ்ஸும் கேரமும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கும்.

கிளப் த்ரோவுல எறியறது 397 கிராம் எடையுள்ள ஒரு மரக்கட்டை. நம்ம ஊர் கர்லாக்கட்டையோட கைக்குழந்தைன்னு வெச்சுக்கலாம். விரல்ல பிடிமானம் குறைஞ்சவங்க இதை எறியறாங்க. 2024 பாரிஸ் போட்டியில ஹரியானாக்காரர் தரம்பீர் செஞ்ச கூத்தைக் கேளுங்க. மொத்தம் ஆறு சான்ஸ். முதல் நாலும் ஃபவுல்! நம்ம லேப் எக்ஸாம்ல நாலு ரீடிங் தப்பா வந்தா எப்படிக் கை நடுங்கும்? மனுஷன் அஞ்சாவது எறிஞ்சார்... 34.92 மீட்டர். தங்கம்! வெள்ளி வாங்கின பிரணவ் சூர்மாவும் இந்தியர்தான். தரம்பீருக்கு வழிகாட்டியா இருந்த அமித் குமார் சரோஹாவும் அதே ஃபைனல்ல போட்டியாளரா இருந்தார்ங்கறது இன்னொரு ட்விஸ்ட்.

மூணாவது விடை, கோல்பால். இரண்டாம் உலகப்போர்ல கண்ணை இழந்த வீரர்களுக்காக 1946-ல உருவான ஆட்டம். ஒரு டீமுக்கு மூணு பேர். எல்லாருக்கும் கண்ணைக் கட்டிடுவாங்க. பந்துக்குள்ள மணி இருக்கும். சத்தத்தை மட்டும் கேட்டு, உருண்டு வர்ற பந்து மேல படுத்து விழுந்து தடுக்கணும். தரையில கோட்டுக்கு அடியில கயிறு ஓடும். அதைக் கையால தடவித்தான் தான் எங்கே இருக்கோம்னு கண்டுபிடிப்பாங்க. அதனாலதான் ஆட்டத்தின் நடுவுல கூட்டம் கப்சிப். கோல் விழுந்தா மட்டும் கூரை பிய்யும்!

பார்வையற்றோர் ஃபுட்பாலும் இதே கதைதான். பாரிஸ்ல ஈஃபில் டவருக்குக் கீழே அத்தனை ஆயிரம் பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. 2004-ல இருந்து தொடர்ந்து அஞ்சு முறை தங்கம் வாங்கின பிரேசில் செமி ஃபைனல்ல அவுட். ஃபைனல்ல அர்ஜென்டினாவை பெனால்ட்டியில ஜெயிச்சது பிரான்ஸ். அமைதியா இருந்து, சட்டுனு வெடிக்கிற அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே ஒரு மேட்ச் பார்க்கலாம்.

நாமக்கல் பக்கத்து மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஸ்பெஷல் சிபாரிசு, வீல்சேர் ரக்பி. லாரி பாடி கட்டுற பட்டறைக்குள்ள நுழைஞ்ச மாதிரி 'டங்கு டங்கு'ன்னு சத்தம் வரும். வண்டியோட வண்டி மோதறது இங்கே தப்பு இல்லை; அதுதான் ஆட்டமே! ஒவ்வொரு வீரருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 0.5-ல இருந்து 3.5 வரைக்கும் பாயின்ட் கொடுப்பாங்க. களத்துல இருக்கிற நாலு பேர் கூட்டுத்தொகை 8-ஐத் தாண்டக் கூடாது. பெண் வீரர் இருந்தா கொஞ்சம் சலுகை உண்டு. யாரை இறக்கறது, யாரை உட்கார வைக்கிறதுன்னு கோச் போடற கணக்கு, நம்ம ஆப்டிமைசேஷன் பேப்பர்ல வர்ற கணக்கேதான். இதை மேட்ச்சா காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தா நானெல்லாம் சென்டம்!

ஒரே ஒரு ரூல் போதும்!

'இதெல்லாம் புரியணும்னா ரூல் புக்கைக் கரைச்சுக் குடிக்கணுமே'ன்னு கவலைப்படாதீங்க. ஒரு விளையாட்டுக்கு ஒரே ஒரு ரூலைப் பிடிச்சுக்கிட்டா போதும். கதவு திறந்துடும்.

உதாரணத்துக்கு ஹைஜம்ப். குறுக்குக் கம்பியைத் தட்டாம தாண்டணும். தொடர்ச்சியா மூணு தடவை தட்டிட்டா அவுட். இது எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பேர் ஒரே உயரத்தைத் தாண்டிட்டு, அதுக்கு மேல ரெண்டு பேருக்குமே முடியலைன்னா யாருக்குத் தங்கம்? இதுதான் அந்த ஒரு ரூல். அந்த உயரத்தை யார் கம்மியான சான்ஸ்ல தாண்டினாங்களோ அவங்களுக்கு. ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணினவனும், மூணாவது அட்டெம்ப்ட்ல அரியர் கிளியர் பண்ணினவனும் ஒண்ணா? அதே லாஜிக்! அதுவும் சமம்னா, மொத்தப் போட்டியில யாருக்குத் தப்பு கம்மின்னு பார்ப்பாங்க.

இந்த ஒரு ரூலை வெச்சுக்கிட்டு 2012 லண்டன் பாராலிம்பிக்ஸுக்குப் போங்க. முழங்காலுக்கு மேல பாதிப்பு உள்ளவங்க ஹைஜம்ப். மூணு பேரும் தாண்டினது ஒரே உயரம், 1.74 மீட்டர். எத்தனையாவது சான்ஸ்ல தாண்டினாங்கன்னு எண்ணிப் பார்த்துத்தான் தங்கம், வெள்ளி, வெண்கலம் பிரிச்சாங்க. தங்கம் ஃபிஜி தீவுக்காரர் இலியேசா டெலானாவுக்கு... அந்த நாட்டோட முதல் பாராலிம்பிக் பதக்கமே அதுதான். வெள்ளி நம்ம கர்நாடகத்து கிரிஷாவுக்கு. அந்த லண்டன்ல மொத்த இந்தியாவுக்கும் கிடைச்ச ஒரே பதக்கமும் அதுதான்!

எண்ணிப் பார்த்தும் சமமா வந்தா? அதுவும் நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட் 1. கத்தார் பார்ஷிம், இத்தாலி டாம்பெரி, ரெண்டு பேரும் 2.37 மீட்டர் வரைக்கும் ஒரு தடவைகூடக் கம்பியைத் தட்டலை. 2.39-ல ரெண்டு பேருக்கும் மூணு தடவையும் போச்சு. 'இன்னொரு முறை தாண்டறீங்களா?'ன்னு அதிகாரி கேட்க, 'ரெண்டு தங்கம் கொடுக்க முடியுமா?'ன்னு பார்ஷிம் திருப்பிக் கேட்டார். முடியும்னதும் டாம்பெரி துள்ளிக் குதிச்சு அவரைக் கட்டிக்கிட்டார். ரூல் தெரியாதவங்களுக்கு அது ரெண்டு பேர் கட்டிப்பிடிச்ச காட்சி. தெரிஞ்சவங்களுக்குக் கண்ணுல தண்ணி!

ரெண்டு கோடி தெரியும்... 1.89 தெரியுமா?

ஹைஜம்ப்பைப் பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. இது நம்ம ஊர் விளையாட்டு பாஸ்!

சேலம் மாவட்டம், ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டி. அந்த ஊர் மாரியப்பன் தங்கவேலுவை உங்களுக்குத் தெரியும். அஞ்சு வயசுல ஸ்கூலுக்கு நடந்து போறப்ப பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போனது தெரியும். அம்மா சரோஜா காய்கறி வித்துக் குடும்பத்தைக் காப்பாத்தினது தெரியும். 2016-ல ரியோவுல தங்கம் ஜெயிச்சதும் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா ரெண்டு கோடி ரூபாய் அறிவிச்சதும் தெரியும். எங்க தெருவுல எந்தப் பெரியவரைக் கேட்டாலும் அந்த ரெண்டு கோடியைக் கரெக்டா சொல்வாங்க.

சரி, அவர் எவ்வளவு உயரம் தாண்டினார்?

இங்கேதான் சிக்கல். நான் ஒரு வாரம் காலேஜ் கேன்டீன்ல சுத்திச் சுத்திக் கேட்டேன். பரிசுத்தொகை சொன்னவங்க நிறைய. உயரம் சொன்னவங்க பூஜ்யம். 1.89 மீட்டர். ஆறடி ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. வொர்க்ஷாப்ல இருந்து ஸ்டீல் டேப் எடுத்துட்டு வந்து ஹாஸ்டல் கதவு நிலையில சாக்பீஸால ஒரு கோடு போட்டுப் பாருங்க. நிமிர்ந்து பார்க்கணும்! எங்க ரூம் கதவுல இப்பவும் அந்தக் கோடு இருக்கு. வர்றவன் போறவன் எல்லாம் அதுக்கு முன்னாடி நின்னு தன் உயரத்தை அளந்துட்டு, 'இதையாடா தாண்டினார்?'னு ஒரு நிமிஷம் அமைதியாகறான்.

2016-ல நாமெல்லாம் அஞ்சாவது, ஆறாவது படிச்சுக்கிட்டிருந்தோம். மாரியப்பன் தாண்டினதை நான் பார்க்கலை; பேப்பர்ல மெடலோட சிரிச்ச போட்டோவைத்தான் பார்த்தேன். அவர் கஷ்டத்தைப் படிச்சேன், பரிசைப் படிச்சேன். நடுவுல இருந்த அந்த ஆட்டத்தை மட்டும் விட்டுட்டேன். ஒரு விளையாட்டு வீரர்கிட்ட இருந்து விளையாட்டைக் கழிச்சுட்டா மிச்சம் என்ன? பாவம்னு ஒரு 'உச்' கொட்டல், அடேங்கப்பான்னு ஒரு கைதட்டல். அவ்வளவுதான். அவரோட திறமை எங்கேயும் கணக்குல வராது.

அந்த ரியோ ஃபைனலை ரூலோட பாருங்க, வேற படம் தெரியும். அமெரிக்காவோட சாம் கிரூவும் நம்ம வருண் சிங் பாட்டியும் 1.86-ல நின்னுட்டாங்க. கம்பி 1.89-க்கு ஏறுது. அதைத் தாண்டினவர் மாரியப்பன் ஒருத்தர்தான். கிரூவுக்கு வெள்ளி, பாட்டிக்கு வெண்கலம் கிடைச்சது அதே 'எத்தனையாவது அட்டெம்ப்ட்' கணக்குலதான்.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2021-ல டோக்கியோ. மழை தூறின சாயங்காலம். இப்ப கிரூ 1.88, மாரியப்பன் 1.86. ரெண்டு சென்டிமீட்டர்ல தங்கம் கைமாறுது. வெண்கலம் பீகார்க்காரர் சரத் குமாருக்கு. 2024 மே மாசம் ஜப்பான் கோபே உலகச் சாம்பியன்ஷிப்ல மாரியப்பன் மறுபடி 1.88 தாண்டித் தங்கம். நாலே மாசத்துல பாரிஸ். இது ரெண்டு பேரோட சண்டை இல்லை; வருஷக்கணக்கா ஓடற மெகா சீரியல். நாமதான் எபிசோடை மிஸ் பண்ணிட்டிருந்தோம்!

பாரிஸ் ராத்திரி

2024 செப்டம்பர் 3. நம்ம நேரத்துக்கு நள்ளிரவை ஒட்டி பாரிஸ் ஃபைனல். எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரே ஒரு மொபைல், பக்கெட்டைக் கவுத்து அதுமேல சாத்தி வெச்சிருந்தோம். சுத்தி ஏழு பேர். அதுல அஞ்சு பேர் 'நம்ம ஊர்க்காரர்'ங்கற ஒரே காரணத்துக்காக உட்கார்ந்தவங்க.

முதல் அரை மணி நேரம் கேள்வியாக் கேட்டுத் தள்ளினாங்க. 'ஒருத்தர் பிளேடு மாட்டியிருக்கார், இவர் மாட்டலையே, இது எப்படி ஒரே போட்டி?' நல்ல கேள்வி! ஒரு காலை முழங்காலுக்கு மேல இழந்து செயற்கைக் கால் போட்டு ஓடறவங்க டி-63. அதே அளவு பாதிப்போட சொந்தக் கால்லயே ஓடறவங்க டி-42. மாரியப்பன் ரெண்டாவது வகை. ஹைஜம்ப்ல ரெண்டு வகையும் ஒரே களத்துல இறங்குது. அதனால ஒவ்வொருத்தர் ஓடி வர்ற தாளமே வேற. ஒருத்தருக்கு ஒத்து வர்ற டெக்னிக் இன்னொருத்தருக்கு ஒத்து வராது. அவங்கவங்க உடம்புக்கு அவங்கவங்களே கண்டுபிடிச்ச வழி. 1976 டொரன்டோ போட்டியில கனடாவோட 18 வயசு ஆர்னி போல்ட், செயற்கைக் காலே இல்லாம ஒத்தைக் கால்ல தத்தித் தத்தி ஓடி வந்து 1.86 மீட்டர் தாண்டியிருக்கார். இன்ஜினீயரிங்னா சர்க்யூட்டும் பாலமும் மட்டும்தானா என்ன? இதுவும் டிசைன்தான்!

முதல்ல 'மாரி... மாரி...'ன்னு கத்தினவங்க, கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அமெரிக்காக்காரர் எஸ்ரா ஃப்ரெக் 1.94 தாண்டினப்ப, எங்க ரூம்ல விசில் பறந்தது. நம்ம ஆளைத் தோற்கடிச்சவனுக்கு விசில்! இந்தியா - பாகிஸ்தான் மேட்ச்ல இதை நினைச்சுப் பார்க்க முடியுமா? சரத் குமார் 1.88, வெள்ளி. மாரியப்பன் 1.85, வெண்கலம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம். தொடர்ந்து மூணு பாராலிம்பிக்ஸ்ல பதக்கம் வாங்கின முதல் இந்தியர் நம்ம பெரியவடகம்பட்டிக்காரர். 'தங்கத்துல இருந்து வெண்கலத்துக்கு இறங்கிட்டாரே'ன்னு ஒரு நண்பன் இழுத்தான். அதுவரைக்கும் வாயே திறக்காத இன்னொருத்தன் சொன்ன பதில்: 'டேய், ரியோவுல 1.89, இப்ப 1.85. எட்டு வருஷத்துல நாலு சென்டிமீட்டர்தான் குறைஞ்சிருக்கு. மத்தவங்கதான் மேல ஏறியிருக்காங்க.' ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் ஹைஜம்ப்னா என்னன்னே தெரியாதவன் பேசின பேச்சு இது! பதக்கத்தோட கலரைப் பார்க்கறதை விட்டுட்டு ஆட்டத்தைப் பார்த்தா, மூணு மணி நேரத்துல இவ்வளவு தூரம் வரலாம்.

அதே பாரிஸ்ல பேட்மின்டன்ல துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மூணு பேரும் தமிழ்நாட்டுப் பொண்ணுங்க. லண்டன்ல ஒண்ணா இருந்த இந்தியாவோட பதக்கக் கணக்கு ரியோவுல 4, டோக்கியோவுல 19, பாரிஸ்ல 29-ன்னு ஏறியிருக்கு.

பி.டி. பீரியடைக் காணோம்!

இதெல்லாம் சரி, எங்கேயோ நடக்கிற போட்டியை நாம பார்த்து என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறீங்களா?

சேலம், நாமக்கல் பக்கம் பிளஸ் டூ படிச்சவங்க கையைத் தூக்குங்க. உங்க டைம்டேபிள்ல பி.டி. பீரியட் இருந்ததா? இருந்திருக்கும். அந்த நேரத்துல யார் வந்தாங்க? கணக்கு சாரோ, கெமிஸ்ட்ரி மிஸ்ஸோ! நான் படிச்ச ஸ்கூல்ல கிரவுண்ட் இருந்தது, பஸ் நிறுத்தறதுக்கு. கட்-ஆஃப் 200-ஐத் தவிர வேற எந்த நம்பருக்கும் அங்கே மதிப்பு இல்லை.

மாரியப்பன் கதையில நான் அடிக்கடி நினைச்சுக்கற ஆள், ஸ்கூல்ல அவருக்கு வாய்ச்ச பி.டி. வாத்தியார். வாலிபால் ஆடிக்கிட்டிருந்த பையனைப் பார்த்து, 'நீ ஹைஜம்ப் பண்ணிப் பாரு'ன்னு சொன்னவர். 14 வயசுல, எந்தக் குறையும் இல்லாத பசங்களோட போட்டி போட்டு அந்தப் பையன் ரெண்டாவதா வந்தான். யோசிச்சுப் பாருங்க... அந்தக் காலைப் பார்த்து 'அய்யோ பாவம், நீ உட்காருப்பா'ன்னு சொல்றதுதான் சுலபம். அவர் காலைப் பார்க்கலை, தாவலைப் பார்த்தார். ரியோ தங்கத்துக்கு விதை அந்தப் பார்வைதான்.

பார்க்கறதுங்கறது சும்மா வேலை இல்லைங்க. பார்க்க ஆள் இல்லாத விளையாட்டுக்கு டி.வி. வராது, ஸ்பான்சர் வராது, கிரவுண்ட்ல மெத்தை வராது. 'இதுல என்ன எதிர்காலம்?'னு வீட்டுல கேட்டா பதில் சொல்லவும் ஆள் வராது.

எங்க காலேஜ்ல ஒரு பொண்ணு போல் வால்ட் பண்றாங்க. கம்பை ஊன்றிப் பறந்து தாண்டற ஆட்டம். ஒவ்வொரு மீட்டுக்கும் அவங்களோட பெரிய தலைவலி போட்டி இல்லை, பஸ்! ஆள் உயரத்தைப்போல ரெண்டு மடங்கு நீளக் கம்பை எந்த கண்டக்டர் ஏத்துவார்? கெஞ்சிக் கூத்தாடி பஸ் டாப்புல கட்டிக்கிட்டுப் போயிட்டு வர்றாங்க. 'ஜெயிச்சா வாழ்த்து சொல்றாங்க. தாண்டும்போது பார்க்கத்தான் யாரும் வர்றதில்லை'ன்னாங்க. 2023-ல கஜகஸ்தான்ல நடந்த ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில போல் வால்ட் வெள்ளி பவித்ரா வெங்கடேஷுக்கு, வெண்கலம் ரோஸி மீனா பால்ராஜுக்கு. ரெண்டு பேருமே தமிழ்நாடுன்னு எனக்குச் சொன்னதும் அவங்கதான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், வீட்டுப்பாடம் ரொம்ப சிம்பிள். அடுத்த ஆசிய விளையாட்டோ, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸோ, பாராலிம்பிக்ஸோ வரும்போது, பேர் தெரியாத ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்க. ஒரு ரூலைக் கத்துக்குங்க. நம்ம நாட்டு ஆள் இல்லைன்னாலும் யாராவது ஒருத்தரைப் பிடிச்சுக்குங்க. ஒரு மணி நேரம் ஃபார்வர்டு பண்ணாம பாருங்க.

அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்னா, உங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்குக் கட் அடிச்சுட்டு சினிமாவுக்குப் போகாம கிரவுண்டுக்கு வாங்க. நூறு மீட்டர் ஓட்டத்தைப் பார்க்க எப்பவும் கூட்டம் இருக்கும். அந்த ஓரத்துல, மணல் குழிக்குப் பக்கத்துல, ஸ்கோர் எழுதறவரும் போட்டியாளரும் மட்டும் நிப்பாங்க பாருங்க... அங்கே போய் நில்லுங்க. ஹைஜம்ப், போல் வால்ட் ரெண்டுக்கும் அதே மூணு சான்ஸ், அதே அரியர் கணக்கு. ரூல்தான் இப்ப உங்களுக்கு அத்துப்படி ஆச்சே!